வரதனுக்கு நேரே ஒரு காலிக் கட்டம்

போன செவ்வாய்க்கிழமை காலை. கண் டாக்டர் என் தங்கை தேவகியின் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினார். வலது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"எத்தனை விரல்மா?"

"மூணு."

சரியான விடை. நான் மூச்சு விட்டேன். அடுத்து இடது கண்ணை மூடச் சொன்னார். அதே கை... அதே மூன்று விரல்.

தேவகி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கை இருக்குதுன்னு தெரியுது டாக்டர். வெரல எண்ண முடியல."

டாக்டர் குனிந்து சீட்டில் எழுதினார். டாக்டர்கள் திட்டினால்கூட எனக்குப் பயமில்லை. பேசாமல் எழுதினால்தான் பயம்.

தேவகியின் வலது கண்ணுக்கு என்ன ஆயிற்று? அடிபடவில்லை. தூசி விழவில்லை. ஒரு மாத்திரை சாப்பிட்டாள்... அவ்வளவுதான். அந்த மாத்திரை அவளுக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் போதாது என்று ஒரு போனில் ஏற்றியும் வைத்திருந்தோம். ஏற்றியது யார்? நான். இதோ, இதை எழுதுகிற இதே விரலால்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். தேவகியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுது, ஆனா என் போட்டோவ மட்டும் போட்டுடாத" என்றாள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வருகிறவள். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. தொழில், பாவு பிணைப்பது. தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடிகிற இடத்தில், அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. வீடு வீடாகப் போய்ச் செய்கிற வேலை. பயந்தாங்கொள்ளிகளுக்கு ஏற்ற வேலை இது... ஒன்றை விட்டாலும் தூக்கம் வராது.

எங்கள் வீட்டு மாடியில் பத்மா குடியிருக்கிறாள். முப்பத்தைந்து வயது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பத்துப் பெண். சாஃப்ட்வேர் வேலை, வீட்டிலிருந்தே. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு அவளுடையது. ஆறு மணிக்கு மீட்டிங் வைக்கிற கம்பெனி அவளுடையது. தினமும் ஐந்தரைக்கு மாடியில் தட்டுச் சத்தம் அவசரமாகக் கேட்கும். பாவமாக இருக்கும்.

ஒருநாள் அவள் தன் போனை என்னிடம் நீட்டி, "அக்கா, இதுல ஒரு ஃபார்ம் இருக்குது. சும்மா ஃபில் பண்ணிப் பாருங்க" என்றாள். நான் ஃபில் பண்ணவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தேன். நடுவில் சிக்னல் போனால்? பட்டனை இரண்டு தடவை அழுத்திவிட்டால்? பேர் எழுதுகிற இடத்தில் ஒருத்தர் போன் நம்பரைப் போட்டுவிட்டால்? வயதை இருநூறு என்று எழுதினால்? பத்மா நோட்டை எடுத்து வந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எங்க கம்பெனில இதுக்குன்னே தனியா ஆளு வெச்சிருக்காங்கக்கா. டெஸ்டர்னு பேரு. அவங்களுக்குக்கூட இவ்ளோ பயம் இல்ல."

வாழ்க்கையில் முதல்முறையாக என் பயத்துக்கு ஒரு மரியாதை. அன்றிலிருந்து நான் பத்மாவின் டெஸ்டர்.

அவள் அப்போது செய்துகொண்டிருந்தது ஒரு ஆப். எங்கள் பக்கத்து நெசவு ஊர்களில் ஒரு சேவை அமைப்பு மருத்துவ உதவி செய்கிறது. ஆப் அவர்களுக்காக. ஸ்கூட்டரில் நர்ஸ் வருவார். கையிலிருக்கிற திரையில் உங்கள் குடும்ப விவரத்தைப் பார்ப்பார். தேவைப்பட்டால் டாக்டரிடம் போனில் பேசுவார். டாக்டரும் அங்கே அதே விவரத்தைப் பார்த்து மருந்து சொல்வார். நல்ல ஏற்பாடு. யாரையும் குறை சொல்லவில்லை.

அந்தக் குடும்ப விவரத்தைத்தான் பத்மா 'நெஸ்டட் டேட்டா' என்பாள். அப்படி என்றால்? அலமாரிக்குள் பெட்டி, பெட்டிக்குள் சுருக்குப் பை. குடும்பம் ஒரு அலமாரி. அதற்குள் ஆட்கள். ஒவ்வொரு ஆளுக்குள்ளும் அவருடைய வியாதி, சாப்பிடுகிற மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து. சுருக்குப் பையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது யாருடைய பெட்டியில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

"நாம எழுதுனது எல்லாம் எங்கமா போவுது?" என்று கேட்டேன்.

சர்வருக்குப் போகும் என்றாள். சர்வர் வாசலில் ஒரு கவுன்ட்டர் இருக்கும், அது ஏபிஐ. நாம் அங்கே நீட்டுகிற மனு, ரிக்வெஸ்ட். தாலுகா ஆபீஸ் மாதிரிதானா என்றேன். "அதே மாதிரிதான்க்கா. ஆனா லஞ்சுக்கு மூட மாட்டாங்க."

இரண்டு வாரம் டெஸ்ட் செய்தேன். பிணைப்பு வேலை இல்லாத மத்தியானங்களில் இல்லாத குடும்பங்களை உருவாக்கினேன். மாமனார், மாமியார், நாலு மகன், எட்டுப் பேரன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வியாதி. வியாதி எதுவும் தோன்றாவிட்டால் 'எதுவுமில்லை' என்று பொறுப்பாக எழுதினேன். எல்லாம் சரியாகப் போய், சரியாகத் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். நான் எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. விட முடியாது. கை வராது. எங்கள் வேலையில் காலி என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? பழைய பாவில் ஓர் இழை அறுந்து காணாமல் போயிருக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் நின்று, ஒரு துண்டு இழையைக் கொடுத்துப் பிணைக்க வேண்டும். 'இல்லையே' என்று அடுத்த இழைக்குத் தாவினால் தொலைந்தது. அதற்கு வர வேண்டிய இழை இதற்கு வரும், இதற்கு வர வேண்டியது பக்கத்துக்குப் போகும்... கடைசி வரை எல்லாமே ஓரிடம் தள்ளித்தான் நிற்கும். புடவையின் கரைக்குரிய சிவப்பு உடலுக்குள் வந்து உட்காரும்.

இது எனக்குத் தெரியும். முப்பது வருடமாகத் தெரியும்.

தெரிந்து என்ன?

ஆப் தயாரானது. ஐயம்பேட்டையில் வீடு வீடாகப் பதிவு ஆரம்பித்தார்கள். தேவகி வீடு அங்கேதான். அவள் தறி நெய்கிறாள். அவள் வீட்டுக்காரர் வரதன் போன வருடம் ஆடியில் தவறிவிட்டார். ஐந்து நாள் ஆஸ்பத்திரி, எத்தனையோ ஊசி, பாட்டில் பாட்டிலாக மருந்து... ஆறாவது நாள் கொண்டுவந்துவிட்டோம். ஒரே மகள் கீதா. இருபத்திரண்டு வயது. தினமும் விடியும் முன்னே கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போகிறாள்.

பதிவுக்கு நான் வருகிறேன் என்று நானே சொன்னேன். டெஸ்டர் அல்லவா! வேறு யாராவது தப்பாக எழுதிவிட்டால்?

ஒரு மத்தியானம் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். தேவகி தறியிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் போனைத் திறந்தேன். முதல் கட்டம், முதல் ஆளின் பேர்.

"அவரு பேரப் போடு" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இன்னா பாக்கற? மொத பேரு அவருதுதான். அப்பறந்தான் நானு."

இறந்தவர் பேரை இதில் போடக் கூடாது. பத்மா சொல்லியிருந்தாள். இருப்பவர்களுக்குத்தான் நர்ஸ், இருப்பவர்களுக்குத்தான் மாத்திரை. ஆனால் அந்த வீட்டில் என்ன நிலைமை? பாவு வாங்குகிற நோட்டில் இன்றும் வரதன் பேர்தான் மேலே. தெருவில் அந்தத் தறிக்குப் பேரே 'வரதன் தறி'. தேவகி நெய்த புடவையைக்கூட வரதன் தறிப் புடவை என்றுதான் சொல்கிறார்கள். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆள் போனதும் பேர் இறங்குவதில்லை. அதற்கு ஒரு காலம் இருக்கிறது. ஒரு போன் வந்து அவசரப்படுத்த முடியுமா?

போட்டேன். வரதன்.

அடுத்து அவருக்கு நேரே கேட்டது, ஒத்துக்கொள்ளாத மருந்து எது?

என் விரல் அங்கே நின்றுவிட்டது.

எப்படிக் கேட்பேன்? ஐந்து நாள் ஊசியாகப் போட்டும் பிழைக்காத மனிதருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அவர் மனைவியிடம் கேட்பதா? 'எதுவுமில்லை' என்று நானே போட்டிருக்கலாம். அதுவும் என்னவோ போல இருந்தது. தேவகி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலியாக விட்டேன். என் வாழ்க்கையில் முதல் காலிக் கட்டம்.

இரண்டாவது ஆள், தேவகி. அவள் தன் பர்ஸிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, பிளாஸ்டிக் உறை போட்டது. பல வருடத்துக்கு முன் ஒரு மாத்திரை சாப்பிட்டு உதடெல்லாம் புண்ணாகிப் போனாள். அப்போது பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்தது. 'சல்ஃபா வகை மாத்திரை கூடாது.' அன்றிலிருந்து கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தச் சீட்டு அவளோடு போகும்.

சல்ஃபா. எழுத்து எழுத்தாகப் பார்த்து ஏற்றினேன். மூன்றாவது ஆள், கீதா. அவளுக்குத் தூசி ஆகாது. தும்மலாகத் தும்முவாள். மருந்தில்லைதான், ஆனால் ஆகாதது ஆகாததுதானே, 'தூசி' என்று ஏற்றினேன். பட்டனை அழுத்தினேன். பச்சை டிக் வந்தது.

"இத இன்னும் தூக்கிக்கினு சுத்தணுமா?" தேவகி சீட்டைக் காட்டினாள்.

"வேணாம்டி. அதான் ஏத்தியாச்சே. இனிமே நீ சொல்லவே வேணாம், அவங்களே பாத்துப்பாங்க. கவலைப்படாத."

கவலைப்படாதே என்று நான் ஒருவருக்குச் சொன்னது அந்த ஒருமுறைதான். சீட்டை அவள் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து தேவகிக்குக் காய்ச்சல். நீர் பிரியும்போது எரிச்சல். கீதா வேலைக்குப் போயிருந்தாள். நர்ஸ் வந்தார். வந்ததும் முறைப்படி கேட்டிருக்கிறார், ஏதாவது மாத்திரை ஒத்துக்கொள்ளாதா என்று.

தேவகி சொன்ன பதிலை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். "எங்கக்கா எல்லாத்தையும் ஏத்தி வெச்சிருக்குது. உங்க போன்லயே இருக்குது பாருங்கம்மா."

நர்ஸ் பார்த்தார். "ஆமா, போட்டிருக்குது" என்றார்.

போட்டுத்தான் இருந்தது. காலியாக இருந்திருந்தாலாவது நர்ஸுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அங்கே ஒரு வார்த்தை இருந்தது. என்ன வார்த்தை என்று அவர் சத்தமாகப் படிக்கவில்லை. அவசரம். இன்னும் ஆறு வீடு பாக்கி. டாக்டரும் அங்கிருந்து அதைப் பார்த்தார். அந்த வார்த்தைக்கும் எரிச்சல் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. மருந்து சொன்னார்.

மூன்றாம் நாள் கண் சிவந்தது. உடம்புச் சூடு என்று தேவகி இளநீர் குடித்தாள். நான்காம் நாள் வாயெல்லாம் புண். ஐந்தாம் நாள் காலையில் கீதா எனக்குப் போன் செய்தாள். "பெரியம்மா, அம்மா கண்ணு தொறக்க மாட்டேங்குது. ஒடம்பெல்லாம் கொப்புளமா இருக்குது. நீ உடனே வா." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். அட்டையைக் காட்டினோம். அட்டையைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. சல்ஃபா வகை. இதற்கு முன் இப்படி ஆகியிருக்கிறதா என்றார். ஆகியிருக்கிறது, எழுதியே வைத்திருக்கிறோம், நானே ஏற்றினேன் என்று கத்தினேன். அந்த அமைப்புக்குப் போன் போட்டார்கள். பார்த்துச் சொன்னார்கள். தேவகிக்கு சல்ஃபா என்று எதுவும் பதிவாகவில்லை.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் ஏற்றவே இல்லை என்று தோன்றியது. கேஸை மூடினேனா, பூட்டை இழுத்தேனா... ஆயுள் முழுக்க என்னையே நம்பாமல் இருந்தவள் நான். யாராவது 'நீ செய்யவில்லை' என்றால் அப்படியே நம்பிவிடுவேன். ஏற்றும்போது பார்த்த அந்தச் சீட்டு, எழுத்து எழுத்தாக அழுத்தியது, பச்சை டிக்... எல்லாமே நான் கற்பனை செய்துகொண்டதோ? பத்து நாள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இதே நினைப்போடு உட்கார்ந்திருந்தேன். அவள் இமைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நர்ஸ்கள் மணிக்கொரு தரம் மருந்து விட்டார்கள். பிழைப்பாளா என்று முதல் வாரம் யாரும் சொல்லவில்லை. பதினோராம் நாள் பிழைத்துவிட்டாள் என்றார்கள். கண்ணைப் பற்றி அப்போதும் யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை வீட்டுக்கு வந்து, நேராக மாடிக்கு ஏறினேன்.

பத்மாவுக்கு விஷயம் தெரியாது. தேவகிக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும் தெரியும். "நான் ஏத்துனேனா இல்லையான்னு பாத்துச் சொல்லுமா. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்" என்றேன். அவள் லேப்டாப்பைத் திறந்தாள். எதையோ தட்டினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

வரதன். ஒத்துக்கொள்ளாத மருந்து: சல்ஃபா.

தேவகி. ஒத்துக்கொள்ளாத மருந்து: தூசி.

கீதா. அதற்கு நேரே ஒன்றுமில்லை.

"வரதன் யாருக்கா?"

"தேவகி வூட்டுக்காரரு."

"அவருக்கும் சல்ஃபா ஆகாதா?"

"அவரு செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆவுதுமா."

பத்மா திரையையே பார்த்தாள். மெதுவாக, தனக்குத்தானே சொல்வது மாதிரி, "காலியா விட்டீங்களா?" என்றாள்.

அப்புறம் விளக்கினாள். அலமாரிக்குள் பெட்டி, பெட்டிக்குள் பை என்று நாம் திரையில் பார்க்கிறோம். ஆனால் கவுன்ட்டருக்கு அனுப்பும்போது அவள் எழுதிய புரோகிராம் அப்படியே அனுப்பவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரே வரிசையில் வைத்து அனுப்பியது. பேர்கள் ஒரு வரிசை, மருந்துகள் ஒரு வரிசை. அந்தப் பக்கம் வாங்குகிற சர்வர் முதல் பேருக்கு முதல் மருந்து, இரண்டாவது பேருக்கு இரண்டாவது மருந்து என்று திரும்பவும் சேர்த்து அடுக்கும். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிற வரை வம்பில்லை. ஒன்று காலியாக இருந்தால், காலிதானே என்று புரோகிராம் அதை அனுப்பாமலே விட்டுவிடும். பேர் மூன்று போனது. மருந்து இரண்டுதான் போனது.

மேற்கொண்டு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இழை இல்லையே என்று அடுத்ததற்குத் தாவியிருக்கிறது. எல்லாரும் ஓரிடம் தள்ளி நிற்கிறார்கள்.

செத்தவருக்கு சல்ஃபா ஆகாது என்று பத்திரமாக எழுதி வைத்திருந்தது அந்த மெஷின்.

"தப்பு என்னுதுக்கா" என்றாள் பத்மா. ஒவ்வொரு மருந்தோடும் அது யாருடையது என்கிற அடையாளத்தைச் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். காலி என்றால் காலி என்றே அனுப்பியிருக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரம் சொல்லித்தருகிற விஷயமாம் இது. "டெட்லைன்னு அவசரத்துல பண்ணேன். நீங்க டெஸ்ட் பண்ணி எல்லாமே சரியா வந்துச்சா, அப்படியே விட்டுட்டேன்."

"நான் காலியா விடாம இருந்திருந்தா?"

"மனுஷங்க காலியா விடத்தான்க்கா செய்வாங்க."

ஆம். விடத்தான் செய்வார்கள். அதைச் சோதிக்கத்தான் என்னை வைத்தாள். நான் என்ன செய்தேன்? தப்பாக எழுதுகிறவர்களை எல்லாம் யோசித்துப் பயந்தேன். இருநூறு வயதுக்காரரை யோசித்தேன். பட்டனை இரண்டு தடவை அழுத்துகிறவரை யோசித்தேன். எதையும் எழுத மனசு வராமல் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போகிற ஒருத்தியை நான் யோசிக்கவே இல்லை. அந்த ஒருத்தி நானாகவே இருந்தும்!

பயப்படுகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. எதை நினைத்துப் பயப்படத் தெரியுமோ, அதை மட்டும்தான் பார்க்கிறோம்.

பத்மா அன்று சாயங்காலம் சாப்பிடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு முன்பே அந்த அமைப்புக்குப் போன் செய்து, நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டாள். திரையைப் பார்த்து யாருக்கும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று அவர்கள் நர்ஸ்களுக்குச் சொன்னார்கள். அடுத்த நாளிலிருந்து நர்ஸ்கள் காகிதமும் பேனாவுமாக எல்லா வீட்டுக்கும் திரும்பப் போனார்கள். இன்னும் சில வீடுகளில் இதே மாதிரி தள்ளி நின்றிருந்தது. ஒரு வீட்டில் தாத்தாவின் சர்க்கரை மாத்திரை பேத்தி பேரில். நல்ல வேளையாக அங்கே யாருக்கும் அதற்குள் உடம்புக்கு வரவில்லை. தேவகிக்கு வந்தது.

மறுபடியும் போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். டாக்டர் எழுதி முடித்துவிட்டுச் சொன்னார். இடது கண் பரவாயில்லை. வலது கண்ணில் தழும்பு விழுந்திருக்கிறது. சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் கழித்து ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். திரும்பி வருமா என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார்.

தேவகி டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கரையும் உடலும் சேர்கிற இடத்தில் நெய்யும்போது இழையைக் கவனிக்க வேண்டும், ஒரு கண் போதுமா? டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வெளியே வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வெயில் ஆகாது. அதுவரை நான் அவளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. மெஷினில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் பத்மா புது ஃபார்மை அனுப்பியிருந்தாள். எல்லாரும் திரும்பப் பதிய வேண்டும். இந்த முறை கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. பேருக்குப் பக்கத்தில் 'காலமானவர்' என்று டிக் அடிக்க ஓர் இடமும் புதிதாக வைத்திருந்தாள். அது யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

சொல்லாமல் எப்படி நிரப்புவது? சொன்னேன். வரதன் பேருக்கு நேரே காலியாக விட்டதை. உன் சல்ஃபா அவருக்குப் போனதை. கீதாவின் தூசி உனக்கு வந்ததை. எல்லாவற்றையும். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

டம்ளரை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு, "அப்போ எனக்கு ஆவாதது அவரு பேர்ல இருந்திச்சா?" என்றாள்.

"ஆமாண்டி."

"உசுரோட இருந்தப்போ எனக்காக ஒரு தலைவலிய ஏத்துக்கினது இல்ல அந்த மனுஷன். போயி சேந்தப்பறம் வந்து வாங்கிக்கினாரா?"

சிரித்தாள் என்று நினைக்கிறேன். கறுப்புக் கண்ணாடி, சரியாகத் தெரியவில்லை.

"என் மேல கோவமா?" என்றேன்.

"இருக்குது" என்றாள். "போவும்போது போவட்டும். நீ ஃபார்ம எடு."

எடுத்தேன். வரதன் என்று போட்டேன். 'காலமானவர்' என்ற இடத்தைக் காட்டினேன். அடித்துக்கொள் என்றாள், ஆனால் பேர் மட்டும் மேலேயே இருக்க வேண்டும். அடித்தேன். அடுத்து அதே கட்டம் வந்து நின்றது. இந்த முறை தாண்ட முடியாது. கேட்டேன்.

"தேவகி... அவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காம இருந்திச்சா?"

"அவருக்கா? எல்லாமே ஒத்துக்கிச்சுக்கா. ஒண்ணும் காப்பாத்தல, அவ்ளோதான். எதுவுமில்லன்னு போட்டுக்கோ."

டீயை எடுத்துக் குடித்தாள்.

நான் கேட்கப் பயந்த கேள்வி. பதில் சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.